பூபேஷின் தணல் எண்

மகளின் நிச்சயத்தில் உப்புச் சக்கரைத் தட்டு மாற்றுவதற்கு முன்பே இரு வீட்டாரின் தணல் எண்களையும் சபையில் வாசித்துவிட வேண்டும் என்று தாராபுரத்துச் சம்பந்தி வீட்டார் சொல்லியனுப்பியபோது, மௌனகுருசாமிக்கு அதில் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. ஜாதகம் கேட்பதில்லையா? குலம் கோத்திரம் கேட்பதில்லையா? நல்ல வீட்டில் பெண் எடுக்கிறவர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். அவரே மருமகள் தேடியிருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

தணல் எண்ணைச் சொல்வது காறை எலும்புக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. ஐந்து ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். உடம்பின் கொழுப்பு ரத்தத்துக்குள் என்னென்ன அனுப்புகிறது, அதனால் உள்ளுக்குள் எவ்வளவு வீக்கம் கனிகிறது என்று இரவும் பகலும் பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லும். இதய நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வந்த கருவி. முதலில் காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள். பிறகு வேலை கொடுப்பவர்கள் கேட்டார்கள். எந்தச் சட்டமும் சொல்லாமலேயே கல்யாண வீடுகளுக்குள்ளும் அது வந்துவிட்டது. எண் குறைவாக இருந்தால் நல்ல ரத்தம், கட்டுப்பாடான குடும்பம். கூடுதலாக இருந்தால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துவிடுவார்கள்.

மௌனகுருசாமியின் எண் ஒன்றேகால். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். காங்கேயத்தில் அவருடைய எண்ணெய் மில்லைத் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய தகப்பனாரும் ஒடிசலான உடம்புக்காரர்தான், தங்கைமாரும் அப்படித்தான். மகன் பூபேஷ் மட்டும் பிறந்ததிலிருந்தே வேறு மாதிரி.

சின்ன வயதில் சமையலறையைப் பூட்டி வைத்துப் பார்த்தார். கொப்பரைக் களத்தில் வெயிலில் ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தாறு வயதில் பூபேஷ் நூற்று முப்பது கிலோ இருந்தான். வீட்டில் யாரும் குண்டு என்ற சொல்லைச் சொல்வதில்லை. கொஞ்சம் பூசின உடம்பு என்பார்கள். போன வருஷம் அவனுக்கு மாரடைப்பு வந்தது. அதையும் ஊருக்கு வாய்வுக் கோளாறு என்றுதான் சொன்னார்கள்.

கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் பர்வீன் கூட்டிச் சொல்லவும் இல்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை.

"கொழுப்பைச் சும்மா கெடக்கற மூட்டைன்னு நெனச்சுக்கறோமுங்க. அது மூட்டையில்ல, பேசற உறுப்பு. வயிறு நெறஞ்சிருச்சுன்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன் லெப்டின். இவருக்கு அது கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஓயாம கத்தற ஆளு பேச்சை வீட்டுல யாரும் காதுல வாங்க மாட்டாங்கல்ல? மூளையும் அப்படித்தான் கேக்கறத விட்டுருச்சு. ரத்தக் குழாயைக் காப்பாத்தற இன்னொண்ணு இருக்கு, அடிபோனெக்டின். அது இவருக்கு வத்திப் போச்சு. அதுக்கு மேல உள்ளுக்குள்ள வீக்கம் வேற. காய்ச்சல் அடிக்காது, வலிக்காது. ஆனா தணல் மாதிரி கனிஞ்சுக்கிட்டே இருந்து இதயத்துக்குப் போற குழாயோட உட்சுவரை அரிச்சுரும்."

"எங்க வீட்டுல யாரும் இப்படியில்லீங்க டாக்டர்" என்றார் மௌனகுருசாமி.

"நான் உங்க வீட்டைப் பத்திப் பேசலீங்க ஐயா. உங்க பையனைப் பத்திப் பேசறேன். அவரு திங்கறது திமிர்னு நெனச்சிருந்தீங்கன்னா, அது இல்லைன்னு சொல்ல வர்றேன்."

பூபேஷ் கட்டிலில் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணோரம் ஈரமாக இருந்தது. முப்பத்தாறு வருஷத்தில் இந்தப் பேச்சை அவன் பக்கமாக ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் மார்புத் தோலுக்குக் கீழே நகத்தளவு மருந்துப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதைப் பற்றி டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

"வில்லை சொல்றதத்தான் பெட்டி கேக்கும். தணல் ஏறுச்சுன்னா மருந்து விடும், எறங்குச்சுன்னா மூடிக்கும். மூடாம விட்டுக்கிட்டே இருந்தா உடம்போட எதிர்ப்புச் சக்தி போயிருமுங்க, அதனால இந்த ஏற்பாடு. இவரு குழாய்க்குள்ள படிஞ்சிருக்கற படலம் ரொம்ப மெல்லிசு. அரை நாள் மருந்து நின்னாக்கூட வெடிச்சுரும். வில்லையைக் கழட்டவே கூடாது. வேற யாரும் வெளையாட்டுக்குக்கூடப் போட்டுப் பாக்கக் கூடாது."

"என்ற வில்லையை யாருங்க டாக்டர் ஆசைப்பட்டுக் கேக்கப் போறாங்க?" என்றான் பூபேஷ்.

டாக்டர் சிரித்துவிட்டார். மௌனகுருசாமி சிரிக்கவில்லை.

அந்த மருந்தோடும்கூட பூபேஷின் எண் ஏழுக்குக் கீழே இறங்கியதில்லை. பல நாள் ஒன்பதில் நின்றது. இப்போது தங்கை வர்ஷினிக்கு மாப்பிள்ளை வந்திருந்தான். தாராபுரம் தண்டபாணியின் ஒரே மகன், நல்ல பையன், வர்ஷினிக்கும் பிடித்திருந்தது. சபையில் பெண்ணின் அண்ணன் எண் ஒன்பது என்று வாசித்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்குத் திருப்பூர்ல கொப்பரை லோடு பேசி முடிக்கணும். பூபேஷ் போயிட்டு வரட்டும்" என்றார் மௌனகுருசாமி, சாப்பாட்டு மேசையில்.

மனைவி சுகந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணங்காரன் இல்லாம உப்புச் சக்கரையா? தட்டை யாருங்க தூக்குவாங்க?"

"என்ற தங்கச்சி மகன் நிரஞ்சன் தூக்கட்டும். அவனும் அண்ணன் மொறைக்குச் சமானந்தான்."

"அவன் எனக்கு மொறை மாப்பிள்ளைங்கப்பா" என்றாள் வர்ஷினி. "அவன் தட்டைத் தூக்குனா சபையே சிரிக்கும். எங்கண்ணன் தூக்கலீன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்."

"அப்ப ஒம்பதுன்னு வாசிக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மௌனகுருசாமி கை கழுவ எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அந்த வீட்டில் அவர் பேசாமல் இருந்தால், சொன்னதைவிடக் கடுமையாக ஒன்றைச் சொல்கிறார் என்று அர்த்தம். காரியம் அவர் மனம்போல முடிகிற வரைக்கும் அந்த வாய் திறக்காது. எப்படி முடிந்தது என்றும் கேட்க மாட்டார். நிச்சய நாளுக்கு முந்தைய நாள் சுகந்தி வந்து, "எல்லாம் சரியாயிருச்சுங்க, பூபேஷ் இங்கயே இருக்கட்டும்" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நிச்சயம் மில்லை ஒட்டிய வீட்டின் பெரிய கூடத்திலேயே நடந்தது. தாராபுரத்திலிருந்து இரண்டு வேனில் வந்திறங்கினார்கள். தண்டபாணி அதிகம் பேசாத, மரியாதை தெரிந்த மனிதர். செருப்பைக் கழற்றும் இடத்தில்கூட முதலில் பெண் வீட்டுப் பெரியவர்களுக்கு வழி விட்டார். மௌனகுருசாமிக்கு அவரைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. நம் மாதிரி ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

கூடத்துச் சுவரில் திரை மாட்டியிருந்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் வில்லைகளின் எண்ணெல்லாம், சம்மதம் கொடுத்தவர்களின் பெயரோடு, அதில் வரும். ஓர் இரவின் சராசரி அது. அந்த நேரத்து எண் அல்ல; ஆபத்து அளவைத் தாண்டினால் மட்டும் அந்த நேரத்து எண் எச்சரிக்கையாக வரும். தண்டபாணியின் தம்பி மனைவி எழுந்து, தங்கள் வீட்டு எண்களை முடித்துவிட்டுப் பெண் வீட்டு எண்களை, கோயில் கும்பாபிஷேக நன்கொடையை வாசிப்பது போல உரத்த குரலில் வாசித்தாள்.

"மௌனகுருசாமி, ஒண்ணேகால். சுகந்தி, ரெண்டே முக்கால். வர்ஷினி, ரெண்டு. பூபேஷ்..." அவள் ஒரு கணம் நின்று திரையையும், வெள்ளைச் சட்டைக்குள் கூடத்தின் மூலையை நிறைத்து உட்கார்ந்திருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "பூபேஷ், ஒண்ணரை."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், "ஆளைப் பாத்தா அப்படித் தெரியலியே தம்பி! மில்லு எண்ணெயெல்லாம் நீங்களே குடிச்சுப் போட்ட மாதிரியல்லவா இருக்கீங்க" என்றார்.

"குடிச்சதெல்லாம் சுத்தமான செக்கெண்ணெய்ங்க மாமா, கலப்படமில்ல. அதான் எண்ணு எறங்கிருச்சு" என்றான் பூபேஷ்.

கூடமே சிரித்தது. மாப்பிள்ளைப் பையனும் சிரித்தான்.

மௌனகுருசாமி அந்த எண்ணை அப்படியே நம்பிவிட்டார். மருந்து வேலை செய்துவிட்டது. பையன் ஒரு வருஷமாக வாயைக் கட்டியிருக்கிறான், நடந்திருக்கிறான், தான்தான் கவனிக்கவில்லை. அவர் எழுந்து மகனிடம் போனார். சபைக்கு நடுவில் அவன் தோளில் கை வைத்தார். பெரிய பையனான பிறகு அவர் அவனைத் தொட்டது யாருக்கும் நினைவில்லை. பூபேஷ் அண்ணாந்து பார்த்தான். முகம் வெளிறியிருந்தது. கண்ணில் மட்டும் சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. சட்டை முதுகில் நனைந்திருந்ததை அவர் கை உணர்ந்தது. கூட்டத்தின் புழுக்கம் என்று நினைத்தார்.

பந்திக்கு இலை போடச் சொல்ல அவர் பின்கட்டுக்குப் போனபோது, பாத்திர அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார். திறந்தது நிரஞ்சன். சட்டை போட்டிருக்கவில்லை. ஒட்டிய வயிறும் எலும்பு தெரியும் தோளுமாக நின்ற அந்தப் பையனின் மார்பில் இரண்டு வில்லைகள் ஒட்டியிருந்தன.

அவருக்கு விளங்க நேரமாகவில்லை. "எப்ப இருந்துடா?"

"நேத்துச் சாயங்காலமே ஒட்டியாச்சுங்க மாமா. ராத்திரிச் சராசரி வேணும்னு பூபேசு மச்சாந்தான் சொன்னாரு. என்னைய எதும் திங்க வேண்டாம்னுட்டாங்க அத்தை. வெறும் மோருதான்." அவன் சிரிக்கப் பார்த்தான். மாமாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

அதற்குள் சுகந்தி பின்னாலேயே வந்துவிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"டாக்டரு என்ன சொன்னாங்கன்னு மறந்து போச்சா உனக்கு?" மௌனகுருசாமியின் குரல் எழும்பவில்லை, எழும்பினால் கூடத்துக்குக் கேட்கும். "பெட்டி இவன் ஒடம்பைப் பாத்துட்டு மருந்தை மூடிக்கிட்டுக் கெடக்கும். ராத்திரி பூரா."

"தெரியுங்க. அவனுக்கும் தெரியும். வேண்டாஞ் சாமின்னு நான் அழுதனுங்க. ஒரு ராத்திரி தாங்கும்மா, அப்பா மூஞ்சியைப் பாக்க முடியலைன்னான்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்பக் கழட்டி அவனுக்கு ஒட்டிரலாமுங்க. கொண்டு போகட்டுமா?"

கழற்றினால் திரையில் பூபேஷின் பெயருக்கு நேரே வெற்றிடம் வரும். ஒட்டினால் எச்சரிக்கை எண் வரும். கூடத்தில் நாதஸ்வரப் பதிவை நிறுத்திவிட்டார்கள். உப்புத் தட்டும் சக்கரைத் தட்டும் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. மூன்று முறை தட்டு மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் சொல் கொடுத்தது போல. அதற்குப் பிறகு எந்த மானமுள்ள வீட்டுக்காரனும் பின்வாங்க மாட்டான்.

நிரஞ்சனின் விரல் வில்லையின் ஓரத்தில் இருந்தது. அவன் மாமாவைப் பார்த்தான்.

"இரு" என்றார் மௌனகுருசாமி. "தட்டு மாத்தி முடியட்டும். நான் கண்ணக் காட்டறப்பக் கொண்டா."

அவரை அப்போது சுகந்தி பார்த்த பார்வையை அவர் பார்க்காமல் கூடத்துக்குத் திரும்பினார். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு தன் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பூபேஷ் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். தண்டபாணியின் தட்டோடு முதல் முறை மாற்றினான். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை சக்கரையில் சொட்டிவிடாமல் முகத்தை ஒதுக்கிக்கொண்டான். இரண்டாம் முறை மாற்றும்போது இடது கை தாழ்ந்தது. தண்டபாணி தன் கையை அடியில் கொடுத்துத் தட்டைத் தாங்கிக்கொண்டார். அவர் பூபேஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மௌனகுருசாமியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பூபேஷ் தாடையை ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டு தங்கையைப் பார்த்துச் சிரித்தான்.

மௌனகுருசாமி எல்லாவற்றையும் பார்த்தார். இன்னும் ஒரு தடவை என்று நினைத்தார். எழுந்துவிடு என்று கால்களுக்குச் சொன்னார். கால்கள் கேட்கவில்லை; அல்லது அவர் உரக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் முறை தட்டு மாறியது. பெண்கள் குலவையிட்டார்கள். அவர் பின்கட்டுக் கதவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நிரஞ்சன் ஓடி வருவதற்குள் பூபேஷ் மண்டியிட்டு, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான். உப்புத் தட்டு அவன் மார்பின் மேல் கவிழ்ந்தது.

வில்லையை வாங்கி ஒட்டியவர் மௌனகுருசாமிதான். சபை முழுவதும் பார்க்க, மகனின் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து, உப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தோலில் அதை அழுத்திப் பிடித்தார். சுவரில் பூபேஷின் பெயருக்கு நேரே இருந்த எண் அழிந்து, எச்சரிக்கை எண் சிவப்பில் ஏறத் தொடங்கியது. ஆறு. எட்டு. பத்தைத் தொட்டு நின்றது. யாரும் வாசிக்கவில்லை. தாராபுரத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காங்கேயத்துப் பெண்களும் குனிந்துகொண்டார்கள். வர்ஷினி மட்டும் மாலையோடு ஓடி வந்து அண்ணன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பூபேஷ் பிழைத்தான். ஆனால் இதயத்தின் கீழ்ப்பகுதித் தசையில் கணிசமான பாகம் செத்துவிட்டது என்றார் டாக்டர் பர்வீன். இனி மில் படிக்கட்டு ஏற முடியாது. வேகமாகப் பேசினால்கூட மூச்சு வாங்கும்.

"வில்லையோட பதிவைப் பாத்துட்டேன்" என்றார் அவர், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைத்து. "ஒரு ராத்திரி பூரா லெப்டினே இல்லாத ஒடம்பு. யாரோ ஒல்லியான, பசியோட இருந்த ஆளு. யாருன்னு நான் கேக்கல. கடைசி நேரத்துலதான் இவரு கொஞ்சம் கொஞ்சமா மோசமாயிருக்காருங்க. அதுல கொஞ்சம் முன்னாடி ஒட்டியிருந்தீங்கன்னா அந்தத் தசையைக் காப்பாத்தியிருக்கலாம். வீட்டுல யாருக்குமே தெரியாதா?"

சுகந்தி முந்திக்கொண்டாள். "இவருக்குத் தெரியாதுங்க டாக்டர். நாங்கதான் மறைச்சுட்டோம். தெரிஞ்ச அந்த நிமிசமே ஓடி வந்து ஒட்டிட்டாரு."

டாக்டர் மௌனகுருசாமியைப் பார்த்தார். அவர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிரஞ்சன் எழுந்து, காபி வாங்கி வருகிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை.

தண்டபாணி மாலையில் வந்தார். மௌனகுருசாமி எதற்கும் தயாராக இருந்தார். சம்பந்தம் வேண்டாம் என்பார். ஏமாற்றிவிட்டீர்கள் என்பார். சொல்லட்டும், சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

தண்டபாணி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "சம்பந்தி, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தனுங்க."

"நீங்களா?"

"என்ற மூத்த அண்ணன் இதே மாதிரிதான் போனாரு. அந்த வேர்வையும் அந்த மூஞ்சியும் எனக்குத் தெரியும். தட்டு மாத்தறப்பவே தெரிஞ்சு போச்சு, அந்த எண்ணு பொய்யின்னு. சபையில வெச்சுச் சொன்னா உங்க மரியாதை என்னாகறதுன்னு வாய மூடிக்கிட்டனுங்க. உங்களுக்கு விசயமே தெரியாது. எனக்குத் தெரிஞ்சும் ஒக்காந்திருந்தேன்." அவர் குரல் உடைந்தது. "பெரிய பாவமுங்க. கல்யாணத்துல எந்த மாத்தமும் இல்ல. பையனை நாங்களும் பாத்துக்கறோம்."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இரண்டு வயதான மனிதர்கள். வராந்தாவில் வேறு யாருமில்லை. எனக்கும் தெரியும் என்று இரண்டே சொல் போதும்.

"விடுங்க சம்பந்தி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மௌனகுருசாமி.

தண்டபாணி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கண்ணீரின் சூடு கையிலிருந்து நெடுநேரம் போகவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மறுநாள் அவரை உள்ளே விட்டார்கள். பூபேஷ் பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தான். அத்தனை பெரிய உடம்பு படுக்கையில் எப்படியோ சிறியதாகத் தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும் ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினான்.

"போட்டுக்க. பேச வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணுங்கப்பா." ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினான். "அம்மா சொன்னாங்க. தெரிஞ்சவுடனே ஓடி வந்தீங்களாமா. அத்தனை பேரு முன்னால. எண்ணு பத்துன்னு எல்லாரும் பாக்கறப்ப. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமுன்னு எனக்குத் தெரியுங்க." அவன் சிரித்தான். "எனக்காக நீங்க சபையில தலைகுனிவீங்கன்னு நான் நெனைக்கவேயில்லீங்கப்பா."

மௌனகுருசாமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பூபேஷ் தந்தையின் கையை எடுத்துத் தன் மார்பின் மேல் வைத்துக்கொண்டான். அடியில் அந்த இதயம் தடுமாறித் தடுமாறி அடிப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"ஓடித்தான வந்தீங்க?" என்று கேட்டான் பூபேஷ். சந்தேகத்தால் அல்ல, இன்னொரு முறை கேட்க ஆசையாக இருந்தது.

"ஆமாஞ் சாமி" என்றார் அவர். "கேட்ட ஒடனே ஓடி வந்துட்டேன்."